வண்டி கிளம்பாத மே மாதம்

மே 6

வீட்டை விட்டுப் போனவளுக்கு,

என் நம்பரை உன் போனில் தடுத்து வைத்திருக்கிறாய். உன் அக்காவுக்கு அடித்தால் "அவ தூங்குறா" என்கிறாள். பகல் பதினோரு மணிக்கு யார் தூங்குவார்கள்? அதனால்தான் பேனாவைப் பிடிக்கிறேன். லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவன் கையெழுத்து இப்படித்தான் இருக்கும், சகித்துக்கொள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் நின்றபடியே அங்கே வந்தேன். நீயும் உன் அக்காவும் கடைக்குப் போயிருப்பதாக உன் அத்தான் சொன்னார். நிஜமாகவே போயிருந்தாயா, உள்ளே ஒளிந்திருந்தாயா, எனக்குத் தெரியாது. டீ கொடுத்தார். "உங்களுக்குள்ள என்னவோ இருக்கட்டும், என்னை நடுவுல இழுக்காதீங்க சகலை" என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டார்.

வாசலில் வண்டி நின்றது. மேலெல்லாம் புழுதி, கண்ணாடியில் காக்கை எச்சம். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்தக் கதி. மனசு கேட்கவில்லை. உள்ளேயும் வெளியேயும் துடைத்துவிட்டுத்தான் வந்தேன். மாற்றுச் சாவி என்னிடம் இருக்கிறது என்பது ஞாபகமிருக்கட்டும். நினைத்திருந்தால் அப்படியே ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

ஆர்.சி. புத்தகத்தில் உன் பெயர் இருக்கலாம். நீ வேலை பார்த்த டாக்டர் கிளினிக்கை மூடும்போது உன் தலையில் கட்டிய பழைய இரும்பு அது. அதை வண்டியாக்கியது யார்? என் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அதற்கு அடியில்தான் போயின. நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து, ஒரு வார்த்தை சொல்லாமல், அதை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறாய்.

ஒரு வேலைக்குப் போகாதே என்று சொன்னது அவ்வளவு பெரிய குற்றமா? சரியாக ஓட்டத் தெரியாத பெண்டாட்டியை, தனியாக வண்டியில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துக்கொண்டு வா என்று எந்தப் புருஷன் அனுப்புவான்? வண்டியோடு திரும்பி வா.

•

மே 9

வண்டியை மட்டும் துடைத்துவிட்டுப் போனவருக்கு,

கடிதம் கிடைத்தது. இனிமேலும் கடிதமே போடுங்கள். போனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீங்கள் மூன்று முடித்திருப்பீர்கள். காகிதத்தில் என்னை யாரும் குறுக்கே வெட்ட முடியாது.

கடைக்குத்தான் போயிருந்தேன். ஒளிந்துகொள்ள நான் என்ன திருடியா?

"ஓட்டத் தெரியாத" என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே வரைக்கும் இந்த வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தது யார், உங்கள் ஆவியா? நீங்கள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து "பிரேக், பிரேக்" என்று கத்திக்கொண்டு ஹேண்ட்பிரேக்கில் கை வைத்திருக்காத முதல் பயணம் அது. ஒரு இடத்தில்கூட வண்டி குலுங்கவில்லை. கல்யாண வீட்டில் எல்லார் முன்னாலும் "இவளுக்குக் கார் கதவை மூடத்தான் தெரியும்" என்று சொல்லிச் சிரித்தீர்களே, அன்றைக்கே கிளம்பியிருக்க வேண்டும். எனக்குச் சொரணை லேட்டாகத்தான் வருகிறது.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். உங்களிடம் கேட்கிறேனே என்று எனக்கு என் மேலேயே ஆத்திரமாக வருகிறது.

திங்கட்கிழமையிலிருந்து வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்க மாட்டேன் என்கிறது. தெருமுனை மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். பானெட்டைத் திறந்தார், நீங்கள் மாற்றி மாற்றி இழுத்திருக்கும் ஒயர்களைப் பார்த்தார், மூடிவிட்டார். "இது யாரு கைவேலையோ அவரையே கூப்பிடுங்கம்மா. நான் கை வெச்சா உள்ளதும் போயிரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த வேலை எனக்குக் கிடைத்துவிட்டது. லேப் நடத்துகிற அம்மா நேராகவே சொல்லிவிட்டார்: "சொந்த வண்டி இருக்கிறவங்கதான் எனக்கு வேணும். ஜூன் மூணாம் தேதி காலைல வண்டியோட வந்து நில்லுங்க. இல்லேன்னா அடுத்த ஆள் ரெடியா இருக்காங்க." வேலை இல்லையென்றால் அக்கா வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? அத்தான் இப்போதே நான் எத்தனை முறை ஃப்ரிட்ஜைத் திறக்கிறேன் என்று பார்க்கிறார். வண்டி ஓடவில்லை என்றால் நான் உங்களிடம் திரும்பி வர வேண்டும். அதற்காகவே எப்படியாவது ஓட வைப்பேன்.

என்ன பார்க்க வேண்டும், எங்கே இருக்கிறது, எப்படி மாற்றுவது என்று எழுதுங்கள். நானே செய்துகொள்கிறேன்.

•

மே 12

நீயே செய்கிறாயா? நல்லது. பல்ப் மாற்றவே ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள ஆள் கேட்பவள்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை என்றால் ஸ்பார்க் ப்ளக். நான்கு இருக்கும். இன்ஜின் தலையில் தடித்த கறுப்பு ஒயர் நான்கு போய் இறங்குகிறதே, அதன் அடியில். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு ஒயரைத்தான் கழற்ற வேண்டும். நான்கையும் பிடுங்கிப் போட்டுவிட்டு எது எங்கே என்று விழிக்காதே. ஒயரைப் பிடித்து இழுக்காதே, அதன் ரப்பர் தொப்பியைப் பிடித்துத் திருகி இழு. ப்ளக் ஸ்பேனர் பின்னால் டிக்கியில், பச்சைப் பையில். பழசைக் கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊது, உள்ளே விழுந்தால் இன்ஜின் போச்சு. புதுசை முதலில் விரலால்தான் திருக வேண்டும். விரலுக்கு இறங்கவில்லை என்றால் கோணலாக இருக்கிறது, வெளியே எடு. ஸ்பேனரைப் போட்டு அடம்பிடித்தால் மரை தேய்ந்துவிடும். கடைசியில் ஸ்பேனரில் கால் சுற்று. அதற்கு மேல் உன் கோபத்தைக் காட்டாதே.

அந்த வண்டி உனக்குப் படியாது. எழுதி வைத்துக்கொள்.

•

மே 15

எழுதி வைத்துக்கொண்டேன். அதே காகிதத்தின் பின்பக்கத்தில் இதையும் எழுதுகிறேன்.

நான்கையும் மாற்றிவிட்டேன். மூன்றாவது அசையவே இல்லை. ஸ்பேனர் நழுவி விரல் முட்டி பிளந்துகொண்டது. வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன். வலியில் இல்லை, "பல்ப் மாற்ற ஸ்டூலைப் பிடிக்க ஆள்" என்ற வரி மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. ஒட்டித் தருகிறேன் என்று எத்தனை வருடமாகச் சொன்னீர்கள்? ஊரான் லிஃப்ட்டை எல்லாம் ஓட வைத்தீர்கள், வீட்டு ஸ்டூல் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

பிறகு எழுந்து கழற்றினேன். புதுசு நான்கும் விரலுக்கே இறங்கின. கால் சுற்று, அதோடு நிறுத்தினேன்.

ஸ்டார்ட் ஆகவில்லை. அதே மாதிரி சுற்றுகிறது. அத்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு "வீட்டு வாசல் ஒர்க்‌ஷாப் ஆயிடுச்சு" என்று அக்காவிடம் முணுமுணுத்தார், எனக்குக் கேட்கிற மாதிரி.

கழற்றிய பழைய ப்ளக்குகளைப் பாகங்கள் விற்கிற கடைக்காரரிடம் காட்டினேன். "இதுக்கு என்னம்மா குறை, இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்குமே" என்றார். அடுத்து என்ன? நாள் போய்க்கொண்டிருக்கிறது.

•

மே 18

கடைக்காரன் பேச்சைக் கேட்பதாக இருந்தால் அவனிடமே கேட்டுக்கொள்.

ப்ளக் இல்லையென்றால் பெட்ரோல் வரவில்லை. ஃபில்டர் அடைத்திருக்கும். இன்ஜினுக்குப் பின்னால், தடுப்புத் தகட்டோடு ஒட்டி, டம்ளர் அளவில் ஒரு இரும்பு டப்பா. முதலில் பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்று. பெட்ரோல் டேங்க் மூடியைத் திற. டப்பாவுக்கு அடியில் ஒரு பாத்திரம், மேலே பழைய துணி. கண்ணை மூடிக்கொள்ளாதே, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள். புதிய ஃபில்டரில் அம்புக்குறி இருக்கும், அது இன்ஜின் பக்கம் பார்க்க வேண்டும். பக்கத்தில் யாராவது நெருப்பைக் கொண்டுவந்தால் செருப்பால் அடி.

அதுவும் இல்லையென்றால் ஃப்யூஸ், இல்லாவிட்டால் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே. ஸ்டியரிங்குக்கு அடியில் பெட்டி. ஹாரனுக்கும் பெட்ரோல் பம்புக்கும் ஒரே மாதிரி ரிலேதான், இடம் மாற்றிப் போட்டுப் பார்.

இங்கே எல்லாரும் "வீட்டுக்காரம்மா எங்கே" என்று கேட்கிறார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று எத்தனை நாள் சொல்வது? எனக்கும் மானம் இருக்கிறது. அதைப் பற்றி உன் கடிதத்தில் ஒரு வரி இல்லை.

•

மே 22

உங்கள் மானத்துக்கு ஒரு வரி: எனக்கும் அது இருந்தது, கல்யாண வீட்டில் விட்டுவிட்டு வந்தேன்.

ஃபில்டர் மாற்றியாயிற்று. புடவை, கை, தலைமுடி எல்லாம் பெட்ரோல் நாற்றம். அக்கா என்னை அடுப்படிக்குள்ளேயே விடவில்லை. ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது. ரிலேக்களை இடம் மாற்றிப் போட்டேன். ஹாரன் அடிக்கிறது, அதனால் ரிலேயும் நன்றாகத்தான் இருக்கிறது. வண்டி மட்டும் கிளம்பவில்லை.

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். ஃபில்டர் வாங்கப் போனபோது கடைக்காரர் கேட்டார்: "சாவியைத் திருப்பினதும் பின் சீட்டு அடியில ரெண்டு செகண்ட் உர்ருன்னு சத்தம் வருதாம்மா? அதுதான் பெட்ரோல் பம்ப். அது கேக்கலேன்னா வேற எதை மாத்தியும் புண்ணியமில்ல." வீட்டுக்கு வந்து திருப்பிக் கேட்டேன். சத்தம் இல்லை. முன்பெல்லாம் இருந்தது, எனக்கு நன்றாக ஞாபகமிருக்கிறது.

கடைக்காரருக்கு முதல் நிமிஷத்தில் தோன்றியது, மூன்று வருடம் அந்த வண்டிக்கு அடியில் கிடந்தவருக்கு ஏன் தோன்றவில்லை? எழுதுங்கள்.

•

மே 24

பம்ப் போய்விட்டது. அவ்வளவுதான்.

அது உன்னால் ஆகாது. டேங்க்கை இறக்க வேண்டும், வழியில் நான் செய்த இணைப்புகள் வேறு இருக்கின்றன. எனக்குத்தான் தெரியும். ஜூன் 2 ஞாயிற்றுக்கிழமை ஒரு லாரி பிடித்து வருகிறேன். வண்டியை ஏற்றிக்கொள்ளலாம். நீயும் உன் சாமான்களைக் கட்டி வை. லேப் அம்மாவிடம் சொல்லிவிடு, வண்டி இல்லை, வர முடியாது என்று. உன் அக்கா வீட்டாருக்கும் பாரம் குறையும்.

நான் எதையும் குத்திக் காட்ட மாட்டேன். நடந்தது நடந்ததாக இருக்கட்டும்.

•

மே 27

லாரிக்கு முன்பணம் கொடுத்திருந்தால் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் அழுதுகொண்டே துணிகளை மடித்தேன். லேப் அம்மாவுக்கு போன் செய்யக்கூட எடுத்தேன். பிறகு ஒன்று உறைத்தது. கை வலிக்க வலிக்க ஒவ்வொரு போல்ட்டுக்கும் அரைப் பக்கம் எழுதுகிறவர், பம்ப் விஷயத்தில் மட்டும் "அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டீர்கள்.

கடைக்காரரிடம் போனேன். "உங்க வண்டிக்கு டேங்க்கை எல்லாம் இறக்க வேணாம், பின் சீட்டைத் தூக்கினா அடியில மூடி இருக்கும்" என்றார். ஒரு சின்ன பல்ப்பில் இரண்டு ஒயர் கட்டிக் கொடுத்து, கரண்ட் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னார். சீட்டைத் தூக்கினேன். பம்ப்புக்குப் போகிற ஒயர் இணைப்பைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்தேன். உர்ரென்று சுற்றியது. நல்ல பம்ப். செத்துப்போனதாக நீங்கள் எழுதிய பம்ப்.

பிறகு அக்காவைச் சாவியைத் திருப்பச் சொல்லி பல்ப்பை வைத்துப் பார்த்தேன். ரிலேயிலிருந்து கரண்ட் கிளம்புகிறது. பம்ப்புக்கு வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ நிற்கிறது.

கார்ப்பெட்டைத் தூக்கி, பம்ப்புக்குப் போகிற நீல ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். நரம்பு தேடி ஊசி போடுகிறவளுக்கு இது ஒரு வேலையா? டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் கையில் ஏதோ தட்டுப்பட்டது. அங்கே ஒயரை வெட்டி வேறு இரண்டு ஒயர் சேர்த்திருந்தது. மேலே கறுப்பு டேப். டேப்பின் நுனி மடித்து ஒட்டியிருந்தது. உலகத்தில் டேப் நுனியை மடித்து ஒட்டுகிற ஆளை எனக்கு ஒருவரைத்தான் தெரியும். "அடுத்து பிரிக்கிறவனுக்கு நகம் போகக் கூடாது" என்பீர்கள். நகம் போகவில்லை, நன்றி.

அந்த ஒயர் இரண்டும் ஆஷ்ட்ரேவுக்குப் பின்னால் போய் நின்றன. நம் வீட்டில் யாரும் சிகரெட் பிடிப்பதில்லை, அதை யாரும் திறப்பதில்லை. பின்னால் ஒரு சின்ன சுவிட்ச். அணைத்து வைத்திருந்தது.

போட்டேன். ஒரே திருப்பில் கிளம்பியது. அக்கா கை தட்டினாள். நான் வண்டியை அணைத்துவிட்டு உங்கள் முதல் கடிதத்தைத் தேடி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள், "உள்ளேயும் வெளியேயும்" துடைத்தீர்கள். திங்கட்கிழமை வண்டி நின்றது. ஓட்டிக்கொண்டு போயிருந்தால் திருட்டு என்று நாலு பேர் சொல்வார்கள். ஊமையாக்கிவிட்டுப் போனால் நான் வந்து கெஞ்ச வேண்டும். கெஞ்சினேன். நீங்கள் ப்ளக்கை மாற்று என்றீர்கள், மாற்றினேன். ஃபில்டரை மாற்று என்றீர்கள், பெட்ரோலில் குளித்தேன். இத்தனை நாள் எனக்குக் காது குத்தி வேடிக்கை பார்த்திருக்கிறீர்கள். நான் அழுத கடிதத்தைப் படித்துவிட்டு உட்கார்ந்து அடுத்த பொய்யை யோசித்திருக்கிறீர்கள். எப்படி மனசு வந்தது?

இன்னொன்று சொல்கிறேன், நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாகம் என்பதில்தான் பொய் சொன்னீர்கள். எப்படிக் கழற்றுவது என்பதில் உங்களால் ஒரு வரிகூடப் பொய் எழுத முடியவில்லை. அங்கே உங்கள் வித்தைத் திமிர் விடவில்லை. அதனால் இன்றைக்கு இந்த வண்டியில் பாதியை என்னால் கழற்றி மாட்ட முடியும். என்னை ஓட விடாமல் செய்யத்தான் இதையெல்லாம் எழுதினீர்கள். கடைசியில் கற்றுக் கொடுத்துவிட்டீர்கள்.

சுவிட்ச்சை அறுத்து எறிந்துவிட்டேன். டேப் சுற்றினேன். நுனியை மடிக்கவில்லை. இனி அதை நான்தான் பிரிப்பேன்.

•

மே 29

ஆமாம், நான்தான் அணைத்தேன். திருடனுக்காக வைத்த சுவிட்ச் அது. சொல்லாமல் எடுத்துக்கொண்டு போனாய், அதனால் உனக்கும் பொருந்தும்.

வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்கிறாய்? போனை எடுக்க மாட்டாய். வந்தால் வீட்டில் இருக்க மாட்டாய். வண்டி நின்ற பிறகுதான் எனக்கு நீ எழுதவே ஆரம்பித்தாய். அது பெரிய பாவமா? தினமும் வேலை முடிந்து வந்து தபால் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். திட்டித்தான் எழுதியிருந்தாய், ஆனாலும் பார்த்தேன். இதைச் சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

இப்போது கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டுப் படி. அன்றைக்குத் துடைக்கும்போது முன் சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். இடது பக்கம் பிரேக் பேட் இரும்பு வரைக்கும் தேய்ந்திருக்கிறது. வண்டிதான் ஓடாதே என்று எழுதாமல் விட்டுவிட்டேன். இப்போது ஓடுகிறது. அப்படியே ஓட்டாதே. மேட்டிலிருந்து இறங்கும்போது நிற்காது. இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும். சக்கர நட்டுகளை, வண்டியைத் தூக்குவதற்கு முன்பே தளர்த்து. ஜாக்கியை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதே, அடியில் ஸ்டாண்ட் கொடு. பேடைப் பிடித்திருக்கிற காலிப்பருக்குப் பின்னால் இரண்டு போல்ட். அதைத் தொங்க விடாதே, கம்பியால் கட்டு. ரப்பர் குழாய் இழுபடும். மாற்றி முடித்ததும் நகர்த்துவதற்கு முன்னால் பிரேக்கை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கு. இதை மறக்காதே, முதல் மிதியில் ஒன்றும் இருக்காது.

இதையும் பொய் என்றுதான் நினைப்பாய். நினைத்துக்கொள். ஓட்டாதே.

திரும்பி வா. இனிமேல் எதற்கும் குறுக்கே நிற்க மாட்டேன். வேலைக்கும் போ. லாரி வேண்டாம், நீயே ஓட்டிக்கொண்டு வா.

•

ஜூன் 2

உங்கள் கடிதம் நேற்று வந்தது.

படித்ததும் சிரித்தேன். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகாமல் இருக்க இன்னொரு பாகம் கண்டுபிடித்திருக்கிறார் என்று அக்காவிடம் சொன்னேன். கடிதத்தைக் கசக்கி அடுப்படிக் கூடையில் போட்டேன். மாலையில் லேப் வரைக்கும் ஓட்டி வழி பார்த்து வரலாம் என்று செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். லேப் ஒரு பெரிய இறக்கத்தின் அடியில் இருக்கிறது, கீழே பள்ளிக்கூடம். சாவி கையில் இருந்தது.

அப்புறம் என்னவோ, செருப்பைக் கழற்றிவிட்டு ஜாக்கியை எடுத்தேன். உங்களை நம்பி இல்லை. பார்த்துவிட்டு, பொய்யென்று உறுதியானதும் நீங்கள் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வரி எழுதலாம் என்றுதான்.

இடது பேடில் ஒன்றுமே இல்லை. வெறும் இரும்பு. பிரேக் தட்டில் கோடு விழுந்திருந்தது. சக்கரத்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை. அக்கா வந்து "என்னடி, பொய்யா?" என்றாள். "உண்மைக்கா" என்றேன். கூடையிலிருந்து உங்கள் கடிதத்தை எடுத்து விரித்தேன்.

கடை மூடுவதற்குள் ஓடிப் போய் பேட் வாங்கிவந்தேன். இன்றைக்கு இரண்டு பக்கமும் மாற்றிவிட்டேன். காலிப்பரைக் கம்பியால் கட்டினேன். பெடலைக் கெட்டியாகும் வரை மிதித்தேன். இறக்கத்தில் போய் நிறுத்திப் பார்த்தேன், நின்றது. நாளைக் காலை வேலைக்குப் போகிறேன்.

நீங்கள் சொன்னது உண்மை என்பதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று அக்கா சொல்கிறாள். சொல்ல வரவில்லை. நீங்கள் உயிருக்கு ஆபத்து என்று எழுதினீர்கள், நான் சிரித்தேன். பழைய நானாக இருந்தால் படித்த அடுத்த நிமிஷம் சாவியைத் தூக்கிப் போட்டிருப்பேன். எனக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்தது, அதை நீங்கள் அந்த ஞாயிற்றுக்கிழமையே அணைத்துவிட்டீர்கள். இனி நீங்கள் உண்மை சொன்னாலும் பொய் சொன்னாலும் எனக்கு ஒரே வேலைதான்: சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

"இனிமேல் எதற்கும் குறுக்கே நிற்க மாட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். நிஜமாகவும் இருக்கலாம். தினமும் தபால் பார்த்ததாக எழுதியிருப்பதும் நிஜமாக இருக்கலாம். அதைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது என்பதையும் மறைக்கவில்லை. ஆனால் அதை எந்த ஸ்பேனரைப் போட்டுக் கழற்றி உள்ளே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அதைப் பற்றி நீங்களும் எழுதவில்லை. பார்க்க முடியாததை நம்பி நான் ஒரு வீட்டுக்குத் திரும்பி வர மாட்டேன்.